விழுங்கிய வாக்கியம்

செமாராங்
3 ஆகஸ்ட் 1994

அன்புள்ள மூர்தினி அக்கா,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, மேசைமேல் இருந்த ஒலிநாடாக் கருவியைத் தூக்கி அலமாரியின் உச்சித் தட்டில் வைத்து, அதன்மேல் ஒரு பழைய போர்வையைப் போட்டு மூடினேன். பிறகுதான் முகம் கழுவினேன். இந்தக் கடிதத்தை எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. அதனால் இன்று காலை நடந்ததிலிருந்தே தொடங்கிவிட்டேன்.

தியான முகாம் முடிந்து ஏழு வாரம் ஆகிறது. உங்களை வந்து பார்க்கவில்லை. கல்லூரியில் தேர்வுத்தாள் திருத்தும் வேலை என்று எழுத நினைத்தேன். ஆனால் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் நான் வீட்டில் சும்மாதான் இருந்தேன்.

உங்கள் இடது கண் முழுவதுமாகப் போய்விட்டது என்று விகாரைச் செயலாளர் சொன்னார். அவர் அதைச் சொன்ன விதம் நல்ல சேதி சொல்வதுபோல இருந்தது. "வெளிக்கண்ணு போச்சு, உள்கண்ணு தொறந்துடுச்சு. நம்ம மூர்தினி அம்மா பெரிய ஆளுப்பா" என்றார். நான் தலையாட்டினேன்.

பர்மிய குருவின் பேச்சுகளைப் புத்தகமாகப் போடுகிறார்கள். அந்தப் பதினைந்து நாளும் அவருடைய ஆங்கிலத்தை நம் மொழியில் சொன்னவள் நான் என்பதால், மொழிபெயர்ப்பும் என் பொறுப்பு. பேச்சுகளும், நீங்களெல்லாம் வரிசையில் உட்கார்ந்து அவரிடம் கேட்ட கேள்விகளும் பதிவான நாடாக்கள் என்னிடம்தான் இருக்கின்றன. வேலை மெதுவாக நடக்கிறது.

உடம்பு எப்படி இருக்கிறது? சாப்பிட முடிகிறதா? உங்கள் வீட்டுக்காரர் துகிரான் அண்ணனை நலம் கேட்டதாகச் சொல்லுங்கள்.

தாழ்மையுடன்,
விகாத்தி


சும்பிங் மலையடி, தெமாங்குங்
11 ஆகஸ்ட்

விகாத்திக்கு,

உன் கடிதத்தை என் வீட்டுக்காரர்தான் சத்தமாக வாசித்தார். மிச்சமிருக்கும் கண்ணை வாசிக்க வைத்து வதைக்கக் கூடாதாம். எழுதுவது மட்டும் நானேதான். வரி கோணினால் பொறுத்துக்கொள். இருபத்தாறு வருடம் தலைமையாசிரியையாக இருந்தவள் கோணல் வரி எழுதுவதைப் பார்க்க உனக்கும் ஒரு வாய்ப்பு.

ஊரெல்லாம் புகையிலை காய்கிறது. வீட்டுக்குள் வந்தாலும் அந்த வாசனைதான். இதற்கு நடுவில் எனக்குப் பார்வையாளர்கள். புதன்கிழமை மூன்று பெண்கள் வாழைத்தாரும் சலாக் பழமும் கொண்டு வந்து, என் முன்னால் தரையில் உட்கார்ந்து, "அம்மா, அந்த வெளிச்சம் எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்டார்கள். புகையிலை அரிந்துகொண்டிருந்த என் வீட்டுக்காரர் நிமிர்ந்தார். "முப்பது வருசமா இவகிட்ட நான் ஒரு வெளிச்சமும் பாக்கல. நீங்களாவது நல்லாப் பாத்துக்கங்க" என்றார். அவர்கள் அதையும் ஏதோ தத்துவம் என்று எடுத்துக்கொண்டு கும்பிட்டார்கள்.

எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இப்போது வலது கண்ணிலும் அது வந்துவிட்டது. அந்தி நேரத்தில் விளக்கைப் பார்த்தால் சுற்றி வானவில் போல வளையம். சில நாட்களில் புருவத்துக்கு மேல் வலி. இடது கண்ணிலும் இப்படித்தான் ஆரம்பித்தது.

யோக்யகர்த்தாவில் பார்த்த மருத்துவர் வலது கண்ணில் சின்னதாக ஒரு துளை போட்டாக வேண்டும், இல்லாவிட்டால் இதுவும் போய்விடும் என்கிறார். தேதிகூடக் கொடுத்தார். நான் போகவில்லை. "வெளிச்சத்தை அப்படியே விட்டுவிடுங்கள், பயப்படாதீர்கள்" என்று குரு எனக்குச் சொன்னதை உன் வாயால்தான் கேட்டேன். ஐம்பது பேர் கூடவே கேட்டார்கள். அப்படி ஒரு சொல்லை வாங்கிக்கொண்டு வந்தவள் ஊசிக்கும் கத்திக்கும் பின்னால் ஓடுவதா?

வீட்டில் தினமும் சண்டை. "அப்படியே விடுன்னா என்னடி அர்த்தம்? பக்கத்து வயல்ல மாடு மேஞ்சாலும் அதத்தான் சொல்றோம், புள்ளைக்கிக் காய்ச்சல் வந்தாலும் அதத்தான் சொல்றோம். அந்தப் பர்மாக்காரர் எந்த விடுறதச் சொன்னாரோ!" என்று கத்துகிறார்.

அதனால் உனக்கு ஒரு வேலை. அன்று அவர் சொன்னதை எனக்கு அப்படியே எழுதி அனுப்பு. நாடா உன்னிடம்தான் இருக்கிறதாமே.

மூர்தினி


செமாராங்
17 ஆகஸ்ட்

அன்புள்ள அக்கா,

இன்று சுதந்திர தின விடுமுறை. தெருவில் கயிற்றில் அப்பளத்தைக் கட்டித் தொங்கவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயால் கடிக்கும் போட்டி நடக்கிறது. ஒலிபெருக்கிச் சத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

துகிரான் அண்ணன் கேட்டது மிகச் சரியான கேள்வி. குரு ஆங்கிலத்தில் மூன்று வேறு வேறு சொற்களைச் சொல்வார். இருப்பதை இருக்க விடுவதற்கு ஒன்று. பிடித்துக்கொண்டிருப்பதை விடுவதற்கு ஒன்று. கண்டுகொள்ளாமல் விடுவதற்கு ஒன்று. நம் மொழியில் மூன்றுக்கும் "பியார்கான்" என்றே வாயில் வருகிறது. தியானத்தில் ஓர் எண்ணம் வந்தால் அதை இருக்க விட வேண்டும் என்கிறார். கேட்பவர் அதைக் கண்டுகொள்ள வேண்டாம் என்று புரிந்துகொள்கிறார். இதனால் எத்தனையோ குழப்பம். புத்தகத்தில் இதைப் பற்றி ஒரு நீண்ட அடிக்குறிப்பு எழுதியிருக்கிறேன். எந்த இடத்தில் எந்தப் பொருள் என்று அடையாளமும் போட்டிருக்கிறேன். உங்கள் விஷயத்திலும் இந்த மொழிச் சிக்கல்தான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். நம் மொழி அப்படி.

இன்னொன்று. தியானம் வேறு, உடம்பு வேறு என்று குருவே பல இடங்களில் சொல்லியிருக்கிறார். ஆகவே உங்களுக்கும் அண்ணனுக்கும் சௌகரியப்படும்போது அந்த மருத்துவரையும் ஒருமுறை பார்த்துவிட்டால் நல்லதுதானே என்று தோன்றுகிறது. நான் சொல்லி நீங்கள் கேட்க வேண்டும் என்பதில்லை. உங்களுக்குத் தெரியாதது இல்லை.

நாடாவைத் தேடிக்கொண்டிருக்கிறேன். நிறைய நாடாக்கள் கலந்து கிடக்கின்றன.

தாழ்மையுடன்,
விகாத்தி


தெமாங்குங்
24 ஆகஸ்ட்

விகாத்தி,

உன் கடிதத்தை இரண்டு முறை வாசிக்கச் சொன்னேன். இரண்டாவது முறை பாதியில் என் வீட்டுக்காரர் தூங்கிவிட்டார். எழுப்பினால், "ரொம்பப் படிச்ச புள்ள. கிணத்துக்கு வழி கேட்டா தண்ணியப் பத்திச் சொல்லுது" என்கிறார்.

நான் ஒரு சொல்லைப் பற்றிக் கேட்கவில்லை. அன்று அவர் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

எனக்கு நினைவிருப்பதைச் சொல்கிறேன். ஒன்பதாம் நாள். நான் முதல் வரிசையில், தூணுக்குப் பக்கத்தில். வெளிச்சம் வருகிறது, வட்டமாக வருகிறது, தலை வலிக்கிறது என்றேன். அவர் நீளமாகப் பேசினார். தன் கண்ணைத் தொட்டுக் காட்டினார். விளக்கைக் காட்டினார். கையை வாசல் பக்கமாக நீட்டினார். கடைசியில் உன்னை நிமிர்ந்து பார்த்தார். நீ மூன்றே வரி சொன்னாய். நான் "சரிங்க" என்றேன். எல்லோரும் "சாது" என்று மூன்று முறை வாழ்த்தொலி எழுப்பினார்கள்.

கை ஏன் வாசல் பக்கம் போனது என்று அன்று நான் யோசிக்கவில்லை. சாது சொன்னது காதில் இனித்துக்கொண்டிருந்தது. இப்போது ஒற்றைக் கண்ணோடு உட்கார்ந்திருக்கும்போது யோசிக்கிறேன். வகுப்பில் சத்தமாக வாசிக்கும் பிள்ளை ஒரு வரியைத் தாண்டிப் போனால், புத்தகத்தைப் பார்க்காமலே எனக்குத் தெரியும். குரல் ஒரு இடத்தில் வேகமெடுக்கும்.

இதையும் மறைக்காமல் எழுதுகிறேன். நாலாம் நாள் தட்டுக் கழுவும் தொட்டியருகே உன்னைக் கூப்பிட்டு நான் ஒன்று சொன்னேன். அன்று காலை முகாமுக்கு வந்திருந்த ஒரு கிழவரிடம், "நீங்க தியானம் பண்ணல, தூங்குறீங்க, போய் மூஞ்சி கழுவுங்க"ன்னு குரு சொல்றார் என்று நீ அப்படியே போட்டு உடைத்திருந்தாய். அவர் சாயங்காலம் மண்டபத்துக்கே வரவில்லை. "உன் வாயிலருந்து ஒவ்வொண்ணும் கல்லு மாதிரி விழுது. வயசானவங்க உக்காந்திருக்காங்க. கொஞ்சம் பதமாச் சொல்லக் கூடாதாம்மா?" என்றேன். நீ முகம் சிவந்து, "சரிங்கக்கா" என்றாய்.

செவ்வாய்க்கிழமை அந்தியில் வலி அதிகம். வாந்தி வந்தது. அவர் வெங்காயமும் எண்ணெயும் போட்டு முதுகில் தேய்த்துவிட்டார். பிறகு தானாகக் குறைந்தது.

எனக்கு ஒரே ஒரு வரி போதும். அவர் வெளிச்சத்தை விடச் சொல்லியிருந்தால் நான் விட்டுவிட்டு உட்கார்ந்திருப்பேன். போகிற கண் போகட்டும். சொல்லியிருக்காவிட்டால் சொல்லவில்லை என்று எழுது. உன் பதில் வரும்வரை நான் எங்கேயும் போகப் போவதில்லை.

மூர்தினி


செமாராங்
28 ஆகஸ்ட், காலை

அக்கா,

முதலில் இது. துகிரான் அண்ணா, நீங்கள்தான் வாசிக்கிறீர்கள். இந்தப் பத்தியை வாசித்ததும் நிறுத்துங்கள். அன்று குரு சொன்னது: "இன்றைக்கே இவரைக் கண் மருத்துவரிடம் அனுப்புங்கள்." இதில் இரண்டு பொருள் இல்லை. நான் அதைச் சொல்லவில்லை. அக்காவைக் கூட்டிக்கொண்டு அடுத்த வண்டியிலேயே யோக்யகர்த்தாவுக்குப் போங்கள். மீதியைப் போகிற வழியில் வாசிக்கலாம். வாசிக்காமலும் விடலாம்.

நாடா தொலையவில்லை. உங்கள் கடிதம் நேற்று வந்தது. இன்று எழுந்ததும் கருவியை அலமாரியிலிருந்து இறக்கி, அந்த நாடாவைப் போட்டேன். இத்தனை வாரமும் அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

உங்கள் குரல்: "வெளிச்சம் வருதுங்க. விளக்கப் பாத்தா வட்டம் வட்டமாத் தெரியுது. தலையும் வலிக்குது."

நான் அதை ஆங்கிலத்தில் ஒழுங்காகவே சொல்லியிருக்கிறேன்.

குரு: "கண்ணை மூடியிருக்கும்போது வரும் வெளிச்சம் என்றால் அப்படியே விட்டுவிடலாம். பின்னால் ஓட வேண்டாம், பயப்பட வேண்டாம். ஆனால் இவர் விளக்கைச் சுற்றி என்கிறார். அது திறந்த கண். அது தியானமில்லை, நோயாக இருக்கலாம். இன்றைக்கே இவரைக் கண் மருத்துவரிடம் அனுப்புங்கள். சாயங்காலம் வரை காத்திருக்க வேண்டாம். புரிந்ததா என்று கேளுங்கள்."

பிறகு என் குரல்: "வெளிச்சத்தை அப்படியே விட்டுவிடச் சொல்றார். பின்னால ஓட வேண்டாம், பயப்பட வேண்டாம். உடம்பையும் கொஞ்சம் பாத்துக்கங்கன்னு சொல்றார்."

மருத்துவர், நோய், இன்றைக்கே, புரிந்ததா. எல்லாமே "உடம்பையும் கொஞ்சம் பாத்துக்கங்க" என்று ஆகிவிட்டது. கடிதம் முடிக்கும்போது நாம் எல்லோருக்கும் எழுதுகிற வரி அது. நீங்கள் சொன்னது சரி. அந்த இடத்தில் என் குரல் வேகமெடுக்கிறது.

ஏன் என்று சொல்கிறேன். இது மன்னிப்புக்காக இல்லை. நீங்கள் வெளிச்சம் என்றதுமே பின்வரிசை வரை முதுகுகள் நிமிர்ந்தன. ஒன்பது நாளில் யாருக்கும் வராதது உங்களுக்கு வந்துவிட்டது என்று எல்லோர் முகத்திலும் இருந்தது. அத்தனை பேர் முன்னால், என்னைவிட மூத்தவரிடம், "உங்களுக்கு வந்தது ஞானமில்லை, நோவு, எழுந்து போங்கள்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். வந்தேன். நீங்கள் கண்மூடி உட்கார்ந்திருந்தீர்கள். தியானத்தில் இருப்பவரைத் தொடுவதா என்று திரும்பிவிட்டேன். மறுநாள் நீங்கள் மண்டபத்தைக் கடந்து நடந்தீர்கள். நடக்கிறார், அப்படியானால் பரவாயில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. மறுநாள் காலைக் கஞ்சியின்போது குரு என்னிடம் கேட்டார்: "அந்த அம்மா மருத்துவரிடம் போனாரா?" நான் "ஆமாம்" என்றேன். நம் ஊரில் பெரியவர் ஏதாவது கேட்டால் முதலில் ஆமாம்தான் வாயில் வரும். காதில் விழுந்தது, பார்த்துக்கொள்கிறேன் என்று அர்த்தம். உங்களுக்கு அது தெரியும். அவருக்குத் தெரியாது. நான் ஆங்கிலத்தில் சொன்னேன். ஆங்கிலத்தில் ஆமாம் என்றால் ஆமாம்தான் என்று இருபது வருடமாக மாணவர்களுக்குச் சொல்லித் தருகிறவள் நான். "நல்லது" என்று அவர் கஞ்சியைக் குடித்தார். பன்னிரண்டாம் நாள் வலி தாங்காமல் விழுந்த உங்களை மருத்துவமனைக்கு வண்டியில் தூக்கிப் போட்டபோது, மருத்துவர் பார்த்த பிறகும் இப்படி ஆகிவிட்டதே என்று வருத்தப்பட்டார். அப்போதும் நான் பேசாமல் நின்றேன்.

இரண்டு நாள் முன்னால் வந்திருந்தால் கண்ணைக் காப்பாற்றியிருக்கலாம் என்று மருத்துவர் சொன்னதாகச் செயலாளர் என்னிடம் சொன்னார். நான் அந்த நாட்களை எண்ணிப் பார்த்தேன். மூன்று.

தொட்டியருகே நீங்கள் சொன்னதை எழுதியிருக்கிறீர்கள். அதைப் பிடித்துக்கொண்டு தப்பிக்க எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நேற்று ஒரு மணி நேரம் அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் பதமாகச் சொல்லச் சொன்னீர்கள். சொல்லாமல் விடச் சொல்லவில்லை. போன கடிதத்தில்கூட "சௌகரியப்படும்போது" என்று எழுதினேனே, அதை யார் எழுதச் சொன்னார்கள்? அப்போது உங்களுக்கு இரண்டாவது கண்ணும் போய்க்கொண்டிருந்தது என்று எனக்குத் தெரியும்.

உங்கள் ஊரில் தொலைபேசி இல்லை. தபால் தாமதமாகும் என்பதால் இதைத் தெமாங்குங் போகும் காலை வண்டிக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். அதே வண்டியில் நானும் வரலாம். வந்தால் நீங்கள் தேநீர் வைப்பீர்கள், சாப்பிட்டாயா என்று கேட்பீர்கள், அண்ணன் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பார். இரண்டாவது கோப்பைக்குள் நான் மறுபடி பதமாகப் பேச ஆரம்பித்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

விகாத்தி


யோக்யகர்த்தா, கண் மருத்துவமனை
2 செப்டம்பர்

விகாத்தி,

பெரிய எழுத்தில் எழுதுகிறேன். குறைவாகத்தான் எழுதுவேன்.

என் வீட்டுக்காரர் உன் முதல் பத்தியோடு நிறுத்திவிட்டார். கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "ஏன் நிறுத்திட்டீங்க?" என்றேன். "நிறுத்தச் சொல்லி எழுதியிருக்கு. எந்திரி" என்றார். காயப்போட்ட புகையிலையை எடுக்கக்கூட இல்லை. அன்று மாலை மழை பெய்து பாதி நாசம். அதைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பேசாமல் இருப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

துளை போட்டாயிற்று. வலது கண் தப்பியது. இன்னும் இரண்டு வாரம் போயிருந்தால் தன்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார் மருத்துவர். நேற்று அந்தியில் விளக்கைப் பார்த்தேன். வெறும் விளக்கு. சுற்றி ஒன்றுமே இல்லை. எனக்கு அழுகை வந்தது. எதற்காக வந்தது என்று உனக்கு எழுத மாட்டேன்.

மீதிக் கடிதத்தை நேற்றுதான் வாசிக்க வைத்தேன். இந்த மாதிரிச் சமயத்தில், "பரவால்லம்மா, விடு" என்று சொல்வதுதான் நம் ஊர் வழக்கம். எனக்கும் நாக்கு நுனி வரை வந்தது. நான் சொல்லப் போவதில்லை. பரவாயில்லை என்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றாததைச் சொல்லித்தான் நாம் இரண்டு பேரும் இங்கே வந்து நிற்கிறோம்.

செயலாளர் நேற்று இங்கே வந்தார். வலது கண் பிழைத்ததில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம் மாதிரி இருந்தது. நவம்பரில் குரு மறுபடி வருகிறாராம், நீதான் மொழிபெயர்க்கப் போகிறாயாம். உன் அடிக்குறிப்பையும் படித்தாராம். "மொழிப் பிரச்சினைதானேம்மா, யார் மேலயும் தப்பில்ல" என்றார். சொட்டு மருந்து நேரம் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். யாரிடம் என்ன சொல்வது என்பது உன் பாடு. அதை நான் முடிவு செய்ய மாட்டேன். உன் வாயில் நான் ஏற்கெனவே போதுமான வார்த்தை வைத்துவிட்டேன்.

நானாக எழுதும்வரை எனக்கு எழுதாதே.

மூர்தினி


செமாராங்
9 செப்டம்பர்

மூர்தினி அக்கா,

எழுதாதே என்றீர்கள். அதனால் இதைத் தபாலில் போடப் போவதில்லை. எழுதி, அந்த நாடாவோடு சேர்த்து மேசை இழுப்பறையில் வைப்பேன்.

புத்தகத்தின் அச்சுத்தாள்கள் வந்துவிட்டன. அந்த அடிக்குறிப்பு மட்டும் ஒன்றரைப் பக்கம். நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன். மூன்று சொற்கள், மூன்று பொருள்கள், நம் மொழியின் சிக்கல். படிப்பவர்கள் மெச்சுவார்கள். அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. எனக்கு வெட்கமாக இருப்பது அதனால்தான்.

இன்று காலை செயலாளர் கல்லூரிக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார். "நவம்பருக்கு நீ வர்றேல்ல விகாத்தி?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றேன். தொலைபேசியை வைத்துவிட்டு வகுப்புக்குப் போனேன். இந்த ஆமாம் எந்த ஆமாம் என்று எனக்கே தெரியவில்லை. மதியம் வகுப்பு முடிந்து படியிறங்கும்போது தெரிந்தது.

அடிக்குறிப்பை அடித்துவிட்டேன். தாளில் சிவப்புக் கோடு இன்னும் ஈரமாக இருக்கிறது. நவம்பரில் போவேன். முதல் நாள், எல்லோரும் பாயில் உட்கார்ந்த பிறகு, குரு வாய் திறப்பதற்கு முன்னால் நான் அவரிடம் ஆங்கிலத்தில் சொல்வேன்: அன்று காலை நீங்கள் கேட்டதற்கு ஆமாம் என்றேன், அந்த அம்மா மருத்துவரிடம் போகவில்லை, போகச் சொல்லி நீங்கள் சொன்னதை நான் அவரிடம் சொல்லவேயில்லை. பிறகு மண்டபத்தின் பக்கம் திரும்பி, அதையே நம் மொழியில், ஒரு சொல்லும் குறைக்காமல் சொல்வேன். உங்கள் பெயரைச் சொல்ல மாட்டேன், அவர்களுக்கே தெரியும். அதற்குப் பிறகு நான் அந்த இடத்தில் உட்காரலாமா, வேறு யாராவது உட்கார வேண்டுமா என்பதை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

செயலாளரிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால், "எதுக்குமா, கொஞ்சம் பதமா..." என்பார்.

விகாத்தி